ரெண்டு லைட் எக்ஸ்ட்ரா

பிப்ரவரி 12, திங்கள்

பிரஷர் 148/92.

இந்த டைரி ஜெபா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஏதோ மருந்துக் கம்பெனி கொடுத்தது. தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதுங்கள், பக்கம் மிச்சமிருந்தால் மனசில் கிடப்பதையும் எழுதுங்கள், உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பதால்தான் ஏறுகிறது என்று சொல்லி நேற்று என் கையில் திணித்தாள். நர்ஸைக் கட்டியவன் வீட்டிலும் நோயாளிதான்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கைக்கு வந்திருக்கும் படமோ உப்பளத்துப் படம். பெயர் 'இடிமகள்'. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண் மேல் இடி விழுகிறது. சாகாமல் எழுந்துவிடுகிறாள். அதன்பின் அவள் கையை நீட்டினால் மின்னல். பெண் சூப்பர் ஹீரோ சார், குழந்தைகள் சட்டையிலெல்லாம் இவள் படம் வரப்போகிறது என்கிறார் டைரக்டர் இளவழுதி. முப்பத்தொரு வயதுப் பையன், இது இரண்டாவது படம். ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: 'உச்சினி, வயது 23. கறுப்பு. வெயில் அவளை ஒன்றும் செய்ததில்லை.'

அவளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டியது நான். காஸ்டிங்தான் என் பிழைப்பு. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நானே நடிகன். வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் ஐந்து அடியாட்களில் இடமிருந்து இரண்டாவது ஆள். தங்கையா என்ற பெயரை டைட்டிலில் யாரும் படித்திருக்க மாட்டார்கள், அதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும்.

பிப்ரவரி 15, வியாழன்

பிரஷர் 144/90. கேஸ் சிலிண்டர் வந்தது. ஜெபாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட்.

என் ரெஜிஸ்டரில் பெயர், வயது, உயரம், நிறம், போன் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நிறத்துக்கு சி, மா, க என்று ஒற்றை எழுத்து. சிவப்பு, மாநிறம், கறுப்பு. இத்தனை வருஷத்தில் இன்றுதான் 'க' என்று போட்ட பெயர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். எதிரே நான் எழுதி வைத்திருப்பது: வேலைக்காரி, கைதி, சாவு வீட்டில் அழுபவர், பேய். கதாநாயகி என்று ஒருத்திக்கும் எழுதவில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் எழுதவில்லை. இப்போது ஒருவர் கேட்கிறார், கையில் ஆள் இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

பிரஷர் 138/86. குறைந்திருக்கிறது.

கிடைத்துவிட்டாள்.

அறுபத்தோரு பெண்களைப் பார்த்தாயிற்று. இடி விழுந்து எழுந்திருக்கும் காட்சியைத்தான் எல்லோருக்கும் கொடுத்தோம். எல்லோரும் ஒரே மாதிரி எழுந்தார்கள். முதலில் ஒரு உறுமல், பிறகு கண்ணை உருட்டி, இரண்டு கையையும் விரித்து ஒரு நிற்பு. இன்று சாயங்காலம் வந்த பெண் சண்முகக்கனி. ஊர் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காடு. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், சனி ஞாயிறுகளில் நாடகக் குழு. தரையில் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். வானத்தைப் பார்த்தாள். விழுந்தடித்து ஓடிப்போய், அங்கே இல்லாத உப்புக் குவியல் மேல் இல்லாத கீற்றை இழுத்து மூட ஆரம்பித்தாள். ஒரு குவியல், இரண்டு, மூன்று. மூன்றாவதை மூடும்போதுதான் தன் கையில் என்னவோ வித்தியாசம் என்று கவனித்து நின்றாள்.

இளவழுதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எதற்காக அப்படிச் செய்தாய் என்று நான் கேட்டேன்.

"இடி விழுந்தா பொறத்தாலயே மழை வரும்லா அண்ணாச்சி. மழை வந்தா உப்பு கரைஞ்சிரும். எங்க அம்மா அப்படித்தான் ஓடுவா. உசிரு இருக்கான்னு பொறவுதான் பாப்பா."

என் பேச்சில் நாகர்கோவில் வாடை அடித்ததாம், அதனால் வந்ததிலிருந்தே அண்ணாச்சி. இருபத்து நான்கு வயது. நல்ல கறுப்பு. வேறு எழுத்தெல்லாம் வேண்டாம், எதிரில் 'கதாநாயகி' என்று ரெஜிஸ்டரில் பேனாவால் அழுத்தி எழுதினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் இருபத்து நான்கு வயது ஞாபகம் வந்தது. முதல் முதலாக ஒரு குளோஸ் அப். நான்கு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் நின்றேன். கேமராமேன் என்னைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ரெண்டு லைட் எக்ஸ்ட்ரா போடுங்கப்பா, இல்லாட்டி தேடணும்" என்றார். யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆள் செத்துப் பல வருஷமாகிறது, இன்னும் அவரை நான் மன்னிக்கவில்லை. கனிக்கு அப்படி ஒரு நாள் வராது என்று நினைக்கும்போது மனசுக்கு நன்றாக இருக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

பிரஷர் காலையில் 140/88, சாயங்காலம் 162/100. மத்தியானம் கருவாடு சாப்பிட்டேன், அதுதான் காரணம்.

தயாரிப்பாளர் கிருபாகரன் ஆபீஸில் மீட்டிங். கனியின் வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். அருமையாக நடிக்கிறாள் என்றார். அப்புறம் போஸ்டரைப் பற்றிப் பேச்சு வந்தது, தியேட்டர்காரர்களைப் பற்றி வந்தது. கடைசியில் தான்யா என்ற மும்பை நடிகையைப் போடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பெண் வெள்ளைவெளேர் என்றிருப்பாள். கதைக்குக் கறுப்பு வேண்டுமென்றால் மேக்கப்பில் கொண்டுவரலாம் என்றார்கள்.

நான் என்ன செய்ய முடியும்? காஸ்டிங்காரன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தலாம், அவ்வளவுதான்.

ஜெபாவிடம் சொன்னேன். பிரஷர் மிஷினைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள், "உங்ககிட்டயும் கேட்டாவளா?"

பால் வாங்கப் போய்விட்டேன்.

மார்ச் 4, திங்கள்

150/94. கனி போன் செய்தாள். இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

154/96.

மேக்கப் மேன் தயாளன் ஒரு சிக்கலைக் கிளப்பினார். "சும்மா கறுப்பை அடிச்சா கரி பூசின மாதிரி இருக்கும் சார். கறுப்புக்குள்ள ஒரு செவப்பு ஓடும், ஒரு மஞ்சள் ஓடும். பாத்துக் கலக்க ஒரு கை வேணும்" என்றார். இளவழுதி என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணை ஒரு நாள் வரச் சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

நம்பரைப் போட்டேன். மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள் அவள். "சொல்லுங்க அண்ணாச்சி."

நாளைக்கு மேக்கப் டெஸ்ட் இருக்கிறது, வந்துவிடு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மேக்கப் டெஸ்ட் இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். போனை வைத்த பிறகு மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்து வழிகிறது என்று கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். மோட்டாரை நிறுத்த மறந்திருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

166/104. ஜெபா மாத்திரையை மாற்ற வேண்டும் என்கிறாள்.

கனி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஏன் லீவு என்று கேட்ட ஹெட்மிஸ்ட்ரஸிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் காலையில் பிரேயரிலேயே அறிவித்துவிட்டாராம். பிள்ளைகளெல்லாம் கை தட்டினார்கள் என்று படியேறும்போதே சொன்னாள். தலைக்குக் குளித்து, மூஞ்சியைச் சுத்தமாகக் கழுவி, பொட்டு கூட வைக்காமல் வந்திருந்தாள். மேக்கப் போடுகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார்கள். தயாளன் அவள் இடது கையை மட்டும் முழங்கைவரை பஞ்சால் துடைத்து மேஜையில் நீட்டி வைத்தார். நான்கு பாட்டில், ஒரு தட்டு. கலக்கிக் கலக்கி ஒரு கோடு அவள் கைமேல் இழுப்பார், தலையை ஆட்டுவார், துடைப்பார், மறுபடி கலக்குவார். அரை மணி நேரம் அவள் அசையாமல் இருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற கூச்சத்துடன் கேட்டாள்.

"அண்ணாச்சி, மூஞ்சிக்கு எப்ப போடுவாவ?"

அந்த நேரம் பார்த்துத் தான்யா உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான், அதையும் எழுத வேண்டும். கனியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து அளந்து பார்த்து, எவ்வளவு அழகான நிறம் என்று இங்கிலீஷில் மனசாரச் சொன்னாள். தயாளன் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்தார். இடிமகளின் முகம் எந்த நாற்காலியில் இருக்கிறது என்று கனிக்கு அப்போது புரிந்துவிட்டது. எழுந்து போகவில்லை. கையை நீட்டியபடியே இருந்தாள். வேலை முடியட்டும் என்று இருந்தாளோ என்னவோ. ஷேடு சரியாக வந்ததும், மறுபடி கலக்க அடையாளம் வேண்டுமே என்று தயாளன் பாட்டிலில் 'கனி' என்று எழுதி ஒட்டினார்.

கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் பேசினோம்.

"போன்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

"சொன்னா வந்திருக்க மாட்டியேம்மா."

"வந்திருக்க மாட்டேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

உனக்காக எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பெரிய இடத்தில் நம் பேச்சு எடுபடவில்லை என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எனக்காவ நீங்க ஒருத்தராவது பேசுனியளே, அது போதும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தாள். இடது கையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே போனாள்.

மார்ச் 13, புதன்

164/100. எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

152/96. தூத்துக்குடி. ஷூட்டிங்.

கண் கூசுகிறது. கீழே உப்பு, மேலே வெயில். துணை நடிகர்களாக உப்பளத்துப் பெண்கள் இருநூறு பேரை நான்தான் திரட்டினேன். இருநூறு பேரும் அசல் நிறத்தில் பின்னால் நிற்கிறார்கள், முன்னால் நிற்பவளுக்கு மட்டும் பாட்டில். பதினொரு மணிக்கெல்லாம் தான்யாவின் கழுத்தில் வேர்வையோடு 'கனி' வழிய ஆரம்பித்தது. தயாளன் குடையும் பஞ்சுமாக ஓடிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்து ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் என்னவோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. இடி விழும் காட்சியில் தான்யா விழுந்தடித்து ஓடி உப்புக் குவியலைக் கீற்றால் மூடினாள். கனியின் வீடியோவைப் போட்டுக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். உப்பளத்துப் பெண்கள் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை, சரிதான் என்று தலையாட்டினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் இளவழுதி என் பக்கத்தில் தட்டோடு வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"அன்னிக்கு நீங்க மட்டும் 'நிக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் விட்டிருக்க மாட்டேன் சார். உங்களுக்கே தோணலைன்னதும் எனக்கு விட்டுப் போச்சு."

ஆமாம், என்னையும் கேட்டார்கள். மார்ச் 1 அன்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். தங்கையா, நீங்கள் இத்தனை வருஷம் சினிமாவில் இருக்கிறீர்கள், இந்தப் பெண் முகம் போஸ்டரில் நிற்குமா என்று கிருபாகரன் என்னைத்தான் கேட்டார். நிற்காது என்கிற மாதிரி ஒன்று சொன்னேன். அவ்வளவுதான். வியாபாரம் தெரிந்தவன் சொல்கிற பதில்தான் அது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

146/90. ஜெபாவுக்குத் தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு. ஸ்வீட் வாங்கி வந்தேன், எனக்கு ஒரு துண்டுதான் கொடுத்தாள். "அந்தக் கனிப் பிள்ளைக்கு வேற ஏதாவது வேஷம் பாத்துக் குடுத்தியளா?" என்று கேட்டாள். பார்க்க வேண்டும் என்றேன். ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே நான் எழுதியதை அடிக்கவும் இல்லை, அப்படியே விடவும் மனசில்லை. பக்கத்தை மட்டும் திருப்பாமல் இருக்கிறேன்.

செப்டம்பர் 9, திங்கள்

158/98.

தான்யாவுக்குத் தூத்துக்குடிப் பேச்சு வரவில்லை. யார் யாரையோ டப்பிங் பேச வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் இளவழுதியே கனிக்குப் போன் செய்திருக்கிறார். குரல் கொடுத்தவர் என்று தன் பெயர் வருமா என்று மட்டும் கேட்டாளாம். வரும் என்றதும் ஒத்துக்கொண்டாளாம். நாளைக்கு என்னையும் வரச் சொல்கிறார், தெரிந்த முகம் இருந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்குமாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பிரஷர் பார்க்கவில்லை.

டப்பிங் தியேட்டரில் என்னைப் பார்த்ததும் கனி எழுந்து வந்தாள். நல்லா இருக்கியளா அண்ணாச்சி, இளைச்சிட்டியளே என்று விசாரித்தாள். பையில் எனக்கென்று முள்ளக்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்திருந்தாள், அம்மா கொடுத்துவிட்டதாம். தன் மகளுக்காகப் பேசிய ஆளுக்கு.

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால். நாங்கள் இந்தப் பக்கம். இரண்டு மணி நேரம் அருமையாகப் பேசினாள். தான்யாவின் உதட்டில் கனியின் குரல் ஏறியதும் உச்சினி நிஜமாகவே எழுந்து நின்றாள். இடைவேளைக்கு முந்தின ரீல் வந்தது. உப்பள முதலாளி, அவன்தான் வில்லன், உச்சினியை ஆட்கள் முன்னால் நிறுத்திவைத்து மேலும் கீழும் பார்க்கிறான். பிறகு சொல்கிறான்: "இவளுக்கு ரெண்டு லைட் எக்ஸ்ட்ரா போடுங்கடா, இல்லாட்டி தேடணும்." அடியாட்கள் சிரிக்கிறார்கள்.

நான் திரையை விட்டு இளவழுதியைத் திரும்பிப் பார்த்தேன்.

கனி ஹெட்போனைக் கழற்றினாள். "சார், இந்த வரியை யாரு எழுதுனது? யாரோ பட்டவங்கதான் எழுதியிருக்கணும்" என்று மைக்கில் கேட்டாள்.

இளவழுதிக்கு உற்சாகம். பேச்சு போகும் பொத்தானை அழுத்தி, "நம்ம தங்கையா சாரோட லைன்தான். உன் வீடியோ போட்ட அன்னிக்கு ஆபீஸ்ல சொன்னார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்கு அது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு, அதான் வில்லனுக்குக் குடுத்துட்டேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

ஏப்ரலில் எழுதியதும் பாதிதான். முழுசும் இதுதான். போஸ்டரில் நிற்குமா என்று கிருபாகரன் கேட்டபோது, கனியின் முகம் திரையில் அப்படியே நிறுத்திவைத்திருந்தது. கேட்டவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷ சினிமாவில் ஒரு அறை முழுக்க என் வாயைப் பார்த்தது அன்றைக்குத்தான். "நிக்கலாம் சார். ரெண்டு லைட் எக்ஸ்ட்ரா போடணும், இல்லாட்டி தேடணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரன் என் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகு அவள் பெயரை மறுபடி எடுக்க அந்த அறையில் யாருக்கும் வாய் வரவில்லை. அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது. நிற்காது என்று நேராகச் சொல்லியிருந்தால் கூட யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள். செத்துப்போன கேமராமேன் யூனிட்டைச் சிரிக்க வைத்து என் ஒருவனைத்தான் அழித்தார். நான் அதைப் பத்திரமாக வைத்திருந்து என்னைப் போலவே ஒருத்தி மேல் எடுத்து வீசியிருக்கிறேன்.

கண்ணாடி வழியாகக் கனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்திருக்க வேண்டும், அதுகூடச் செய்யத் தோன்றவில்லை. ஹெட்போனை மாட்டினாள். போகலாம் சார் என்றாள். ரீல் ஓடியது. வில்லன் அந்த வரியைச் சொன்னான், ஆட்கள் சிரித்தார்கள், அடுத்தது உச்சினியின் பதில். கனி திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"லைட்டு ஒனக்குத்தாம்ல வேணும். என் கண்ணுக்கு நான் தெரியுதேன்."

உதடு இம்மி பிசகவில்லை. ஒரே டேக்கில் ஓகே.

வேலை முடிந்ததும் இளவழுதியிடம் சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். கருவாட்டுப் பொட்டலம் என் நாற்காலிப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜெபாவிடம் கொடுத்தேன். இது யார் கொடுத்தது என்றாள். சொன்னேன். உங்ககிட்டயும் கேட்டாவளா என்று மார்ச்சில் கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள்.

செப்டம்பர் 11, புதன்

154/94.

காலையில் கனிக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். என்னென்ன சொல்ல வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். மணி முழுசாக அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்" என்றாள்.

டப்பிங் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.